முஹம்மதன் ஸ்போர்ட்டிங்: ஒரு கழகத்தின் ஏற்றமும் இறக்கமும்

கால்பந்தாட்டத்தைப் பற்றி ஓர் இலக்கியத் திங்களிதழில் எழுதப் புகுவது கண்டு நேயர்களுள் சிலர் வியப்புறலாம். அரபி இலக்கணமும் தமிழ் யாப்பும் ஓதிக்கொடுப்பவர்க்குப் பந்துக்களத்தில் என்ன வேலை என்று கேட்கவும் கேட்கலாம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதையும், ருகானாவோடு மற்போர் புரிந்ததையும் ஏடுகளில் ஓதிய நாம் விளையாட்டை இழிவாக எண்ணுதல் முறையன்று. அது ஒருபுறம் இருக்கட்டும். ஈண்டு நாம் எடுத்துக்கொண்டது விளையாட்டினும் மிகுதியாக வரலாறே ஆகும்; அதிலும் நம்மவர் வீடுகளில் பிழைபடச் சொல்லப்பட்டு வரும் ஒரு வரலாறு.

கல்கத்தா நகரத்து முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் பெயரைக் கேட்டறியாத முஸ்லிம் குடும்பம் ஒரு காலத்தில் அரிது. கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள நம் கள்ளக்குறிச்சிக்கும் கங்கைக் கரைக்கும் ஒட்டுறவு ஏதுமில்லை. இருந்தும், கல்கத்தாவை வரைபடத்தில் மட்டுமே கண்ட பெரியவர்கள்கூட அந்தக் கறுப்பு வெள்ளைச் சட்டையைப் பற்றிப் பெருமிதத்தோடு பேசக் கேட்டிருக்கிறோம். அவர்கள் சொன்ன கதை பெரும்பாலும் ஒன்றே: 'நம் பிள்ளைகள் பூட்ஸ் கூட இல்லாமல் வெறுங்காலோடு ஓடி, ஈமானின் வலிமையால் வெள்ளைக்காரப் பட்டாளத்தைத் தோற்கடித்தார்கள்.' கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் நடந்தது அதற்கு நேர்மாறானது. வெறுங்காலோடு ஆடி வெள்ளையரை வென்ற புகழ் 1911ஆம் ஆண்டு ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்ற மோகன் பகான் அணிக்கு உரியது. அவ்வணியிலும் ஒருவர் பூட்ஸ் அணிந்தே ஆடினார். முஹம்மதன் அணி 1934இல் வென்றதற்கோ பூட்ஸ் அணிந்ததும் ஒரு காரணம்! இந்தச் சிறு திருத்தத்தில் அக்கழகத்தின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஆன விளக்கம் பெரும்பகுதி அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம்.

நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர் 2025ஆம் ஆண்டில் நாளிதழின் புள்ளிப் பட்டியலைக் காட்டி, "ஹஜ்ரத், பேர்பெற்ற இந்த டீம் ஏன் கடைசியில் கிடக்கிறது?" என்று கேட்டார். அருகிலிருந்த ஒருவர் முந்திக்கொண்டு, "எல்லாம் சூழ்ச்சி தம்பி" என்றார். அந்த விடை நமக்கு உவப்பாக இல்லை. சூழ்ச்சி என்னும் சொல் சிந்திக்கும் வேலையை மிச்சப்படுத்திவிடுகிறது. அதனாலேயே அது எளிதில் வாய்க்கு வருகிறது.

கழகத்தின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். விக்டோரியா அரசியாரின் பொன்விழா ஆண்டாகிய 1887இல் கல்கத்தா முஸ்லிம் இளைஞர்கள் ஜூபிலி கிளப் என்றொரு சங்கம் கண்டனர். அது பின்னர் கிரசன்ட் கிளப் என்றும் ஹமீதியா கிளப் என்றும் பெயர் மாறி, 1891இல் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் ஆயிற்று. இந்தப் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு சமுதாயத்தின் மனநிலையே தெரியும். முதலில் ஆங்கில அரசியாருக்கு வாழ்த்து, அடுத்து பிறை, அதற்கடுத்து, அந்நாளில் துருக்கியில் ஆண்ட கலீஃபா இரண்டாம் அப்துல் ஹமீதை நினைவூட்டும் பெயர். இறுதியில் நிலைத்த 'முஹம்மதன்' என்பதோ நாம் நமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. முஸ்லிம்களை அவ்வாறு அழைத்தவர் ஆங்கிலேயர். அலிகரில் 1875இல் தோன்றிய கல்விக்கூடமும் முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் என்ற பெயரையே தாங்கிற்று. நம் சென்னையிலும் ஒரு முஹம்மதன் கல்லூரி இருந்தது. பிறர் இட்ட பெயரையே ஒரு கூட்டம் தன் கொடியில் எழுதி, அதையே பெருமைக்குரியதாக மாற்றிக்கொண்டது என்பது எண்ணத்தக்கது.

இனி, கால்பந்து லீக் முறையில் ஏற்றம், இறக்கம் என்பன யாவை என்று இல்லத்துப் பெண்மக்களுக்கும் விளங்கும்படி ஒரு சொல். கோப்பைப் போட்டியில் தோற்றவர் அன்றே வெளியேறுவர். அடுத்த ஆண்டு மீண்டும் வந்து ஆடுவர். லீக் அப்படியன்று. ஒரு பிரிவிலுள்ள அணிகள் யாவும் ஒன்றோடொன்று ஆடி, வெற்றிக்கும் சமனுக்கும் புள்ளி பெறும். பருவ முடிவில் உச்சியில் நிற்பது வாகை சூடும். அடியில் நிற்பது அதற்கடுத்த கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும். அங்கிருந்து ஒன்று மேலே வரும். இங்கிலாந்தில் லீக் 1888இல் தோன்றி, 1892இல் இரண்டாம் பிரிவு பெற்று, 1898 முதல் இந்த ஏற்ற இறக்கத்தை நேரடி விதியாகக் கொண்டது. கல்கத்தா லீக் தொடங்கியதும் அதே 1898இல்தான்.

அரபியில் ஏறும் படிக்குத் 'தரஜ்' என்றும் இறங்கும் படிக்குத் 'தரக்' என்றும் வெவ்வேறு சொற்கள் உண்டு. படிக்கட்டு ஒன்றே; மேல்நோக்கி நடப்பவனுக்கு அது தரஜ், கீழ்நோக்கி நடப்பவனுக்குத் தரக். லீக் பட்டியலும் இத்தகையதே. ஆயினும் இரண்டு திசையும் சமமான உழைப்பைக் கேட்பதில்லை. கீழே விழுந்த அணிக்கு வருவாய் குறைகிறது. வருவாய் குறைந்தால் சிறந்த ஆட்டக்காரர் வேறிடம் போகின்றனர். அவர்கள் போனபின் ஏறுவது முன்னினும் கடினம். ஒரு முறை இறங்கிய கழகம் பல முறை இறங்குவதற்கு இதுவே காரணம்.

கல்கத்தா லீக் தொடக்கத்தில் வெள்ளையர் கழகங்களுக்கும் பட்டாளங்களுக்கும் மட்டுமே உரியதாயிருந்தது. மோகன் பகான் முதற்பிரிவை எட்டியது 1915இல். முதற்பிரிவில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் இடமில்லை என்றொரு கட்டுப்பாடும் இருந்தது. 1925இல் ஈஸ்ட் பெங்கால் அணி ஏறிவந்தபோதுதான் அது தகர்ந்தது. இக்காலமெல்லாம் முஹம்மதன் எங்கே இருந்தது? பிறந்து முப்பது நாற்பது ஆண்டு ஆகியும், சிறு கோப்பைகள் சிலவற்றோடு நிறைவுகொண்டு, இரண்டாம் பிரிவின் கீழ்ப்படிகளில் தடுமாறிக்கொண்டிருந்தது. அன்றும் கல்கத்தா முஸ்லிம்களிடம் சமயப் பற்றுக்குக் குறைவில்லை. கிலாஃபத் இயக்கம் கொழுந்துவிட்டெரிந்த 1920ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தை எண்ணிப் பாருங்கள்! ஆர்வமே வெற்றி தருமென்றால் அப்போதே கழகம் வாகை சூடியிருக்க வேண்டும். அவ்வாறு நடக்கவில்லை.

மாற்றம் 1930ஐ ஒட்டி வந்தது. அஜீஸ் என்பார் முன்னின்று கழகத்தைச் சீர்படுத்தினார். அவர் செய்தவை மூன்று என்று வரலாற்றாசிரியர் கூறுவர். முதலாவது, கல்கத்தாவோடு நில்லாமல் இந்தியாவெங்கும் தேடி ஆட்டக்காரரைக் கொணர்ந்தது, பெங்களூரிலிருந்தும் வந்தனர். இரண்டாவது, உடற்பயிற்சியையும் ஒழுங்கையும் கட்டாயமாக்கியது. மூன்றாவதுதான் நாம் மேலே சொன்ன பூட்ஸ். இதன் நுட்பத்தை உணரக் கல்கத்தாவின் மழையை உணர வேண்டும். அங்கே லீக் ஆட்டங்கள் கோடையில் தொடங்கி மழைக்காலத்துள் செல்பவை. மைதான் திடல் உலர்ந்திருக்கும் வரை வெறுங்கால் ஆட்டக்காரன் மானைப்போல் ஓடுவான். பட்டாளத்தானைச் சுற்றிச் சுற்றி வருவான். மழை இறங்கிச் சேறானதும் அவன் கால் வழுக்கும். பூட்ஸ் அணிந்தவன் ஊன்றி நிற்பான். ஜூன் வரை புள்ளிகளைச் சேர்த்த இந்திய அணிகள் ஜூலைச் சேற்றில் அவற்றை இழந்ததன் காரணம் இதுவே. இதை எல்லாரும் கண்டனர்; விதி என்று விட்டனர். முஹம்மதன் கழகமோ ஈரத்தரைக்கென்று தன் ஆட்டக்காரருக்குப் பூட்ஸ் அணிவித்து, அதில் பழக்கியது. தோல்விக்கான காரணத்தைத் தன் காலடியில் தேடியதே இதன் சிறப்பு.

பயன் விரைந்து வந்தது. 1933இல் இரண்டாம் பிரிவிலிருந்து மேலேறியது. 1934இல், முதற்பிரிவில் ஆடிய முதலாண்டிலேயே, வாகை சூடியது. அதுவரை எந்த இந்திய அணியும் கல்கத்தா லீகை வென்றதில்லை. 1935, 1936, 1937, 1938 என்று தொடர்ந்து ஐந்தாண்டு அதே கதை. 1936இல் லீகோடு ஐ.எஃப்.ஏ. கேடயத்தையும் சேர்த்து வென்றது. ஜும்மா கான், மாசூம், நூர் முஹம்மது, ரஹீம், ரஷீத், ரஹ்மத், அப்பாஸ், சாபு ஆகிய பெயர்கள் வடநாட்டு முஸ்லிம் வீடுகளில் குழந்தைகளும் சொல்லும் பெயர்களாயின. அவர்களுள் முஹம்மது சலீம் என்பார் 1936இல் கடல் கடந்து ஸ்காத்லாந்து சென்று, புகழ்பெற்ற செல்டிக் கழகத்துக்காக இரண்டு ஆட்டம் ஆடினார். காலில் பூட்ஸ் இல்லை, துணிக்கட்டு மட்டுமே. அவர் காலின் வித்தையைக் கண்டு அந்நாட்டுச் செய்தித்தாள்கள் வியந்து எழுதின. ஊர் நினைவு வாட்டவே அவர் நிலைத்துத் தங்காமல் திரும்பிவிட்டார். நம் பெரியவர்கள் சொல்லும் வெறுங்கால் கதைக்கு இவரே மூலமாயிருக்கலாம் என்பது நம் ஊகம்.

1940ஆம் ஆண்டு கழகத்தின் பொன்னாண்டு எனலாம். 1888இல் சிம்லாவில் தொடங்கிய டியூரண்ட் கோப்பையை அதுவரை இந்திய அணி எதுவும் தொட்டதில்லை. அவ்வாண்டு டில்லியில் நடந்த இறுதியாட்டத்தில் ராயல் வார்விக்‌ஷயர் பட்டாளத்தை இரண்டுக்கு ஒன்று என்று முஹம்மதன் வென்றது. அதே ஆண்டில் பம்பாய் ரோவர்ஸ் கோப்பையும் அதன் கைக்கு வந்தது. இறுதியில் எதிர்த்து நின்றது பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி. தென்னாட்டார் இந்த அணியை மறந்தது வருந்தத்தக்கது. 1937இலும் 1938இலும் ரோவர்ஸ் கோப்பையை வென்று, அக்கோப்பையை முதன்முதல் வென்ற இந்திய அணி என்று பெயர் பெற்றது அதுவே. இதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

வெற்றியோடு வேறொன்றும் வந்து சேர்ந்தது. 1937இல் வங்காளத்தில் ஃபஸ்லுல் ஹக் அவர்களின் அமைச்சரவை அமைந்தது. முஸ்லிம் அரசியல் எழுச்சியுற்ற காலம் அது. களத்தில் பெற்ற ஒவ்வொரு வெற்றியும் சமுதாயத்தின் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. அரசியலார் அதன் நிழலில் வந்து நின்றனர். ஒடுங்கிக் கிடந்த ஒரு கூட்டத்துக்கு அவ்வெற்றிகள் தந்த நிமிர்வை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். ஆனால் பதினொரு இளைஞர் தோளில் ஒரு சமுதாயத்தின் மானத்தை ஏற்றிவைத்தால், தோல்வி தோல்வியாக நிற்காமல் அவமதிப்பாகிவிடுகிறது. ஆட்ட நடுவரின் விசில் அரசியலாகிவிடுகிறது. 1939இல் ஆட்டச் சங்கத்தோடு பிணங்கிக் கழகம் லீகிலிருந்து விலகியது. அவ்வாண்டு வாகை மோகன் பகானுக்குச் சென்றது. 1940லும் 1941லும் முஹம்மதன் மீண்டும் வென்றதை நோக்க, களத்தில் நின்றிருந்தால் எட்டாண்டுத் தொடர்வெற்றியும் கைகூடியிருக்கக் கூடும். எவர் பக்கம் நியாயம் என்று இன்று வழக்காடிப் பயனில்லை.

பிரிவினை வந்தது. ஆட்டக்காரர் பலரும் புரவலர் பலரும் எல்லை கடந்தனர். டாக்காவில் 1936இலேயே தோன்றியிருந்த அதே பெயருள்ள கழகம் தனி மரமாக வளர்ந்தது. வேறொரு கழகமாயின் அன்றே மூடியிருப்பார்கள். இது 1948இல் லீகை வென்றது! பிறகும் 1957, 1967, 1981 ஆகிய ஆண்டுகளில் வென்றது; 1960இல் டாக்காவில் ஆகா கான் தங்கக் கோப்பையைப் பெற்றது. முஸ்லிம்களை மட்டுமே ஆடவிட்ட பழைய வழக்கத்தைக் கைவிட்டு எல்லாச் சமயத்தாரையும் ஏற்றது. 1978 உலகக் கோப்பைக்கான ஈரான் அணியில் இடம்பெற்று, பின் அலிகரில் படிக்க வந்த மஜீத் பிஷ்கர் போன்றோரும் இச்சட்டையை அணிந்தனர். எனவே, 'பிரிவினையால் அழிந்தது' என்று ஒரே வரியில் முடிப்பது சரியன்று. அடிபட்டது, ஆனால் அந்த அடிக்குப் பிறகும் முப்பத்து நான்கு ஆண்டு வாகைக்குப் போட்டியிட்டது.

உண்மையான சரிவு அதன் பின்னரே. 1981க்குப் பிறகு கல்கத்தா லீக் நாற்பதாண்டு கைக்கு எட்டவில்லை. 1996இல் தேசிய லீக் தோன்றியதும் கணக்கே மாறிவிட்டது. வடகிழக்கிலும் கோவாவிலும் பஞ்சாபிலும் சென்று ஆட வேண்டும். வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு ஊதியம், பயிற்சியாளர், மருத்துவர் என்று செலவு பெருகிற்று. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் பெரும் நிறுவனங்களைத் துணைக்கொண்டன. முஹம்மதனோ பழம்பெயரையும் சில செல்வர் நன்கொடையையும் நம்பியிருந்தது. நம் ஊர்களில் பள்ளிவாசல் விளக்குக்கும் மதரஸாச் சோற்றுக்கும் வெள்ளிதோறும் துண்டு விரித்து வசூலிப்பதை நேயர்கள் அறிவீர்கள். அவ்வழி ஓராண்டை ஓட்டலாம்; திட்டமிட்டு ஐந்தாண்டை நடத்த முடியாது. தேசிய லீகில் ஏறுவதும் இறங்குவதுமாகக் காலம் கழிந்தது. 2008-09 பருவத்தில் ஐ-லீகிலிருந்து வாஸ்கோ அணியோடு சேர்ந்து இறக்கப்பட்டது. மீண்டு வர 2013 ஆயிற்று.

அந்த 2013-14 பருவத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். விந்தையான பருவம் அது. 2013 செப்டம்பரில் ஓ.என்.ஜி.சி. அணியை வென்று, எழுபத்து மூன்று ஆண்டுக்குப் பின் டியூரண்ட் கோப்பையைக் கழகம் ஏந்திற்று. 2014 பிப்ரவரியில் டாக்காவின் ஷேக் ஜமால் அணியைப் பெனால்டியில் வென்று, நாற்பத்து மூன்று ஆண்டுக்குப் பின் ஐ.எஃப்.ஏ. கேடயத்தையும் பெற்றது. இரண்டு பழங்கோப்பைகள் ஒரே பருவத்தில்! கல்கத்தாத் தெருக்களில் இனிப்பு வழங்கினர். சில வாரங்கள் கழித்து, அதே அணி ஐ-லீகிலிருந்து கீழிறக்கப்பட்டது. எப்படி? கோப்பைக்கு வேண்டுவது சில நாள் வேகம். லீகுக்கு வேண்டுவது பல திங்கள் நிதானம். காயம்பட்டவனுக்கு மாற்று, மாதந்தோறும் ஊதியம், தோற்ற மறுநாளும் குலையாத பயிற்சி. வேகம் இருந்தது, நிதானத்துக்கு வேண்டிய ஏற்பாடு இல்லை. நம் கோமுகி ஆறு கல்வராயன் மலையில் மழை பெய்தால் கரைபுரண்டு வரும். பங்குனியில் மணலாய்க் கிடக்கும். அணை கட்டித் தேக்கினால்தான் வயலுக்கு நீர். அவ்வாண்டு அக்டோபரில், பணமின்மையால் அணியைக் கலைப்பதாகவே கழகம் அறிவித்தது. நூறாண்டு கடந்த மரம் அன்று வேரோடு சாய்ந்தது என்றே பலரும் எழுதினர்.

சாயவில்லை. ஆட்டம் மீண்டும் தொடங்கியது. ஆறாண்டு இரண்டாம் பிரிவில் கழிந்தது. 2020இல் மேலேறியது. 2021 நவம்பரில் ரயில்வே அணியை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வென்று, நாற்பதாண்டுக்குப் பின் கல்கத்தா லீகைக் கைப்பற்றியது. 2022லும் 2023லும் அதைத் தக்கவைத்தது. 2022 மே மாதம் ஐ-லீகின் கடைசி நாளில் கோகுலம் கேரளாவிடம் தோற்று இரண்டாமிடம் பெற்றது. 2023-24இல் ஐ-லீகையே வென்றது. அந்த அணியின் பயிற்சியாளர் ஆந்திரே செர்னிஷோவ் ஒரு ரஷ்யர்; முன்னணி இளைஞருள் மிசோரம் மலைநாட்டுக் கிறித்தவர் பலர். அவர்கள் கோலடிக்கும்போது அரங்கில் எழுந்த 'அல்லாஹு அக்பர்' முழக்கத்தை எண்ணி நாம் மகிழ்ந்தோம். இந்தியக் கால்பந்துக்கு மிசோரம் மலைகள் வழங்கிய இளைஞரைக் காணும்போது, வெள்ளிமலைப் பக்கம் மேட்டிலும் பள்ளத்திலும் மூச்சிரைக்காமல் ஓடும் நம் கல்வராயன் மலைப் பிள்ளைகளின் நினைவும் வந்தது. அஜீஸ் போன்று தேடி வருவார் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

மேலே ஏறியது இந்தியன் சூப்பர் லீகுக்கு. அங்கே முதல் வெற்றி 2024 செப்டம்பரில், நம் சென்னையில் கிடைத்தது: சென்னையின் அணிக்கு எதிராக லால்ரெம்சங்கா அடித்த ஒரே கோல். சென்னைக்காரர் தோற்றதற்கு வருந்துவதா, பழம்பெயர் வென்றதற்கு மகிழ்வதா என்று தமிழ் முஸ்லிம் இளைஞர் பலர் அன்றிரவு திண்டாடியிருப்பர்! அடுத்த வெற்றி 2025 ஜனவரியில் பெங்களூரில். இருபத்து நான்கு ஆட்டத்தில் வெற்றி இந்த இரண்டே. அதே ஜனவரியில் ஊதியம் வராத ஆட்டக்காரர் பயிற்சிக்கு வர மறுத்தனர்; திங்கள் இறுதியில், பல மாத ஊதியம் பெறாத செர்னிஷோவும் விலகினார். உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தின் பெயரால் அறியப்படும் கழகத்தில் இது நடந்தது. முதலீட்டாளருக்கும் கழகத்தாருக்கும் இடையே நடந்த வழக்கில் எவர் பக்கம் எவ்வளவு குற்றம் என்பதை ஆட்டக்காரனின் வீட்டு வாடகை கேட்டுக்கொண்டிருக்காது.

பருவ முடிவில் பதின்மூன்று அணிகளுள் பதின்மூன்றாவது இடம். அந்த லீகில் அப்பருவத்தில் இறக்க விதி நடைமுறையில் இல்லை. ஆகவே கடைசியில் நின்றும் கீழே தள்ளப்படவில்லை. கேள்வி கேட்ட மாணவருக்கு இவ்வளவையும் சொன்னோம். அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் ஹஜ்ரத், 1930க்கு முன்னால் இருந்த மாதிரியேதான் இருக்கிறதா?" என்றார். ஆம் என்றோம். அவர் அடுத்து, அஜீஸ் அவர்கள் பூட்ஸ் வாங்குவதற்கு எங்கிருந்து பணம் திரட்டினார் என்று கேட்டார்.